காலர், முட்டை, இராட்டை

1922 நவம்பர் மாத வேனிட்டி ஃபேர் இதழில் ஒரு சட்டைக் காலர் விளம்பரம் வந்தது. அந்தக் காலத்தில் காலரைச் சட்டையிலிருந்து தனியாகக் கழற்றி, வெளுத்து, கஞ்சி போட்டு மறுபடி மாட்டிக்கொள்வார்கள். காலர் விளம்பரம் என்றால் மிடுக்கான இளைஞன் ஒருவனின் ஓவியம்தான் வழக்கம். ஏரோ நிறுவனத்துக்காக லெயண்டெக்கர் வரைந்த அழகன்கள் அமெரிக்கா முழுக்கப் பிரபலம். ஐட் நிறுவனத்தின் இந்த விளம்பரத்தில் ஆளே இல்லை. இது ஓவியமும் இல்லை, புகைப்படம். கறுப்பும் வெள்ளையுமான சதுரங்கக் கட்டங்கள், அவற்றின்மேல் ஒரு வெள்ளைக் காலர். கட்டங்களின் நேர்கோடுகளுக்கு நடுவே காலரின் வளைவு மட்டும் தனித்துத் தெரியும். பாரிஸில் மார்செல் டுஷாம்ப் அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்துத் தன் வேலைக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார் என்று சொல்வார்கள்.

படத்தை எடுத்த பால் அவுட்டர்பிரிட்ஜுக்கு அப்போது வயது 26. முந்தைய ஆண்டுதான் நியூயார்க்கில் ஒரு புகைப்படப் பள்ளியில் சேர்ந்திருந்தார். அவர் மட்டுமல்ல, இருபதாம் நூற்றாண்டின் பத்திரிகைப் பக்கத்தையும் விளம்பரத்தையும் ஆவணப் படத்தையும் மாற்றிய பலர் அந்தப் பள்ளியின் நிறுவனரிடம் பயின்றவர்கள். கிளாரன்ஸ் ஹட்சன் ஒயிட் என்ற அந்த ஆசிரியரோ அதிகம் பேசாதவர், எந்த விதியையும் வகுத்துத் தராதவர்.

ஒயிட் ஓஹையோ மாநிலத்தின் நியூவார்க் என்ற சிற்றூரில் மளிகை மொத்த வியாபார நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். 1871இல் பிறந்தவர். கேமரா கைக்கு வந்தது 1894 வாக்கில். சம்பளத்தில் வாரத்துக்கு இரண்டு கண்ணாடித் தகடுகள் வாங்கத்தான் கட்டுப்படியாகும். வேலைக்குப் போகும் முன் விடியற்காலையிலோ, வேலை முடிந்த மாலையிலோதான் படமெடுக்க நேரம். வாரம் முழுக்க மனத்திலேயே படத்தை அமைத்துப் பார்ப்பார். மனைவி ஜேனும் அவருடைய சகோதரிகளும் எங்கே நிற்பது, ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுவது என்பதெல்லாம் தகட்டைச் செருகும் முன்பே முடிவாகிவிடும். பிறகு அவர் மாணவர்களிடம் வளர்க்க முயன்ற பொறுமைக்கு இந்தத் தட்டுப்பாடே வித்திட்டிருக்க வேண்டும். 1902இல் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ், புகைப்படத்தையும் கலையாக மதிக்க வேண்டும் என்று நியூயார்க்கில் தொடங்கிய ஃபோட்டோ செசஷன் குழுவில் ஒயிட் நிறுவன உறுப்பினர். 1906இல் கணக்குப் புத்தகத்தைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு நியூயார்க்குக்கு வந்துவிட்டார்.

அதுவரை காம்போசிஷன், அதாவது படத்துக்குள் எதை எங்கே அமைப்பது என்ற பாடத்தைப் புகைப்படக்காரர்கள் ஓவிய நூல்களிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் 1869இல் எழுதிய புத்தகம் பல பதிப்புகள் கண்டு, கேமரா சங்கங்களில் வேதம்போல ஓதப்பட்டது. முக்கோணமாக உருவங்களை அடுக்குவது, மூலைவிட்டமாகக் கண்ணை இழுத்துச் செல்வது, ஒரு பக்கத்துக் கனத்தை மறுபக்கத்துச் சிறு பொருளால் ஈடுகட்டுவது என்று எல்லாவற்றுக்கும் அதில் விதி இருந்தது. ராபின்சனே 1858இல், சாகக் கிடக்கும் இளம்பெண்ணின் படம் ஒன்றை ஐந்து நெகட்டிவ்களை ஒட்டி உருவாக்கியவர். பீட்டர் ஹென்றி எமர்சன் இதையெல்லாம் எதிர்த்து, இயற்கையை நேரில் பார், கண் பார்ப்பதுபோல எடு என்று 1889இல் நூல் எழுதினார். அடுத்த ஆண்டே மனம் மாறி, தன் கொள்கை செத்துவிட்டது என்று கறுப்புக் கரையிட்ட துண்டுநூல் ஒன்றையும் வெளியிட்டார். விதிகளை மனப்பாடம் செய், அல்லது விதிகளை விட்டு இயற்கையிடம் போ. கற்க வந்தவனுக்கு இருந்தவை இந்த இரண்டு வழிகள்தாம்.

மூன்றாவது வழி ஓவிய ஆசிரியர் ஒருவரிடமிருந்து வந்தது. மாசச்சூசெட்ஸ் கடலோர ஊரான இப்ஸ்விச்சைச் சேர்ந்த ஆர்தர் வெஸ்லி டௌ பாரிஸில் ஓவியம் பயின்று திரும்பியவர். 1891இல் பாஸ்டனில் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அச்சோவியங்களைப் பார்த்தபின் தான் கற்றதையே சந்தேகிக்கத் தொடங்கினார். அங்கிருந்த அருங்காட்சியகத்தில் ஜப்பானியக் கலைப் பிரிவைக் கவனித்த எர்னெஸ்ட் ஃபெனொலோசாவோடு சேர்ந்து புதியதொரு பாடமுறையை உருவாக்கி, 1899இல் ‘காம்போசிஷன்’ என்ற பெயரிலேயே நூலாக்கினார். எதை வரைகிறோம் என்பது அதில் முதற்கேள்வி இல்லை. ஒரு செவ்வகத்தை எப்படிப் பிரிக்கிறோம் என்பதே முதற்கேள்வி. கோடு, நோட்டான், நிறம் என்று மூன்றே கூறுகள். நோட்டான் என்பது இருட்டுத் திட்டுகளும் வெளிச்சத் திட்டுகளும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்பது. வாசலில் போட்ட கோலத்தில் மாவுக்கோட்டுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு நடுவே விட்ட வெறுந்தரைக்கும் உண்டல்லவா, அந்த மாதிரி. டௌவின் மாணவர் ஒரே நிலக்காட்சியை நீளச் சட்டகத்தில், குறுகிய சட்டகத்தில், அடிவானத்தை உயர்த்தி, தாழ்த்தி என்று திரும்பத் திரும்ப அமைத்துப் பார்ப்பார். மரமும் சதுப்பு நிலமும் அதேதான். படம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு.

இந்த முறை ஓவியத்தைவிடப் புகைப்படத்துக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. ஓவியன் மரத்தை வேண்டிய இடத்தில் வரைந்துகொள்ளலாம். புகைப்படக்காரனால் மரத்தை நகர்த்த முடியாது. அவன் கையில் இருப்பவை சட்டகத்தின் நான்கு ஓரங்களும் தான் நிற்கும் இடமும்தான். டௌவுக்கு இது தெரிந்திருந்தது. அவரே கேமரா வைத்திருந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கலைத்துறைத் தலைவராக இருந்த அவர், 1907இல் ஒயிட்டை அழைத்துப் புகைப்பட வகுப்பை ஒப்படைத்தார்.

அங்கிருந்து வேகமாக வளர்ந்தது. 1910இல் மெய்ன் மாநிலக் கடற்கரையில் கோடைப் பள்ளி தொடங்கியது. 1914இல் நியூயார்க் கிழக்கு 11ஆம் தெருவில் கிளாரன்ஸ் எச். ஒயிட் புகைப்படப் பள்ளி பிறந்தது. படங்களை ஒயிட் பார்த்துக்கொள்வார். வேதியியல், லென்ஸ், அச்சு ஆகிய நுட்பங்களுக்குப் பொறியாளர் பால் ஆண்டர்சன். வடிவமைப்புக்கும் கலை வரலாற்றுக்கும் மேக்ஸ் வெபர்.

வெபரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இன்று போலந்தில் உள்ள பியாலிஸ்டாக்கில் பிறந்த யூதர். பிராட் கல்லூரியில் டௌவின் மாணவர். பாரிஸில் மத்தீஸிடம் பயின்று, அங்கே பிக்காசோவின் புது ஓவியங்களையும் பார்த்துவிட்டு 1908இன் இறுதியில் திரும்பியவர். நியூயார்க் விமர்சகர்கள் அவருடைய ஓவியங்களைக் கடுமையாக இகழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், ஒயிட் அவரைக் கூப்பிட்டுப் புகைப்பட மாணவர்கள் முன்னால் நிறுத்தினார். வெளியை நிரப்புவதுதான் கேமராக் கலையின் அடிப்படை என்பது வெபரின் பாடம். ஒரு பொருள் சட்டகத்துக்குள் வந்தவுடன் அதைச் சுற்றியுள்ள வெறுமையும் உருவம் பெறுகிறது, அந்த உருவத்துக்கும் புகைப்படக்காரன்தான் பொறுப்பு என்றார். பிக்காசோவின் கியூபிசம் என்றால் என்ன என்று அமெரிக்க ஓவியர்களே முழுதாக அறியாத நாளில், புகைப்படம் கற்க வந்தவர்களுக்கு அது வகுப்பறைப் பாடமாகக் கிடைத்தது.

பள்ளியில் தந்த பயிற்சிகள் பார்வைக்குச் சாதாரணமானவை. மேசைமேல் சில பொருட்களை வைத்து அமைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஓர் இரும்புக் கதவைப் படமெடுத்து வர வேண்டும். அன்றைய பெரிய கேமராக்களில் காட்சி, பின்புறத்து மங்கல் கண்ணாடியில் தலைகீழாகத்தான் விழும். இது பயிற்சிக்கு நல்ல துணை. தலைகீழாகத் தெரியும்போது கதவு கதவாகத் தெரியாது. இருட்டுக் கம்பிகளும் வெளிச்ச இடைவெளிகளும்தான் தெரியும். எடுத்து வந்த அச்சுகளைப் பார்த்து ஒயிட் கருத்துச் சொல்வார். தவறு என்று எதையும் அடித்துவிட மாட்டார். தன் பாணியை யார்மேலும் திணிக்கவும் மாட்டார்.

கொலம்பியாவில் 1917இல் அந்தக் கதவுப் பாடத்தைப் பெற்றவர்களில் ஒருவர் டோரத்தியா லாங். அந்தக் கதவில் அவருக்குத் துளியும் ஈடுபாடு வரவில்லை. கொடுத்த பாடங்களை அவர் செய்து முடிக்கவே இல்லை என்பதை முதுமையில் அளித்த நேர்காணலில் சொல்லியிருக்கிறார். ஒயிட் அதற்காகக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஆனாலும் அவரை மிகச் சிறந்த ஆசிரியராகவே லாங் நினைவில் வைத்திருந்தார். 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்க வந்த கூலிப் பெண்ணை அவர் எடுத்த படம் உலகம் அறிந்தது. அதில் தாயின் தோள்களில் சாய்ந்த இரண்டு குழந்தைகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். கேமராவுக்குத் தெரிவது அவர்களின் பின்தலைகள். மூன்று முகங்கள் இருந்திருந்தால் கண் மூன்றுக்கும் நடுவே அலைந்திருக்கும். இங்கே ஒரு முகமும் கன்னத்தைத் தொடும் ஒரு கையும்தான். வீட்டுப்பாடம் செய்யாத மாணவியிடமும் வகுப்பு ஏதோ விட்டுச்சென்றிருக்கிறது.

பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவே பல கேமரா சங்கங்கள் தயங்கிய காலம் அது. ஒயிட்டின் வகுப்புகளில் பெண்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டும் என்று வந்தவர்கள் அவர்களில் அதிகம். அவர்களுள் ஒருவர், பள்ளி தொடங்கிய 1914இல் மெய்ன் கோடை வகுப்புக்கு வந்த கனடாக்காரர் மார்கரெட் வாட்கின்ஸ். ஹாமில்டன் நகரில் 1884இல் பிறந்தவர். சில ஆண்டுகளில் அவரே அந்தப் பள்ளியின் ஆசிரியரானார்.

1919இல் வாட்கின்ஸ் தன் நியூயார்க் வீட்டின் சமையலறையைப் படமெடுக்கத் தொடங்கினார். பீங்கான் தொட்டியின் விளிம்பில் முட்டைகள், அதன்கீழே வளைந்து இறங்கும் கருநிழல். இன்னொரு படத்தில் கழுவாத பாத்திரங்களும் பால் பாட்டிலும் கிடக்கும் அதே தொட்டி. கண்காட்சிச் சுவரில் அழுக்குப் பாத்திரமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். அந்தப் பொருட்களுக்குத் தனியே எந்தச் சிறப்பும் இல்லை, மொத்த வடிவமைப்புக்குத் துணை நிற்பதே அவற்றின் வேலை என்பது அவருடைய பதில். 1921இல் வேனிட்டி ஃபேர் இதழ் அவருடைய சமையலறைப் படங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியது.

இங்கேதான் ஒயிட் பள்ளியின் உண்மையான புரட்சி இருக்கிறது. அதுவரை உருவப்படம் ஒரு வகை, நிலக்காட்சி ஒரு வகை, மேசைமேல் பொருளடுக்கி எடுக்கும் ஸ்டில் லைஃப் ஒரு வகை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வைத்திருந்தார்கள். ஸ்டில் லைஃபுக்குக் கடைசி இடம். பொருள் எதுவானாலும் செவ்வகத்தைப் பிரிக்கும் கேள்வி ஒன்றே என்று கற்பித்துவிட்டால் அந்த ஏணி சாய்ந்துவிடுகிறது. பேராலயமும் பாத்திரத் தொட்டியும் சம அந்தஸ்து பெறுகின்றன. விற்பனைக்கு வைத்த சோப்பும் காலரும் கையுறையும் அதே அந்தஸ்தைக் கோரலாம். ஜே. வால்டர் தாம்ஸன் விளம்பர நிறுவனம் வாட்கின்ஸைத் தேடி வந்ததற்குக் காரணம் இதுதான். சோப்பு, நகப்பூச்சு, பாலாடைக்கட்டி என்று அவர் எடுத்த படங்களில் பொருளை விளக்க முயலும் வார்த்தைக்கு அதிக வேலை இல்லை. கியூபிசம் தந்த கண்தான் விளம்பரப் படத்தைச் சாத்தியமாக்கியது என்று 1926இல் ஒரு கட்டுரையில் அவரே எழுதினார். அன்றாடப் பொருட்களின் வளைவுகளையும் கோணங்களையும் பார்க்க ஓவியர்கள்தாம் கற்றுக்கொடுத்தார்கள் என்பது அவர் கருத்து.

இந்தத் திருப்பத்தை ஒயிட் திட்டமிட்டே ஊக்குவித்தார். 1916இல் அவர் முன்னின்று தொடங்கிய அமெரிக்கக் கலைப் புகைப்படக்காரர் சங்கம், 1920களின் தொடக்கத்தில் ஆர்ட் சென்டர் என்ற பொதுக் கூடத்தில் விளம்பரக் கலை இயக்குநர்கள், அச்சு வடிவமைப்பாளர்கள், சித்திரக்காரர்கள் ஆகியோரின் அமைப்புகளோடு ஒரே கூரையின்கீழ் இயங்கியது. வர்த்தகம் கலையைக் கெடுக்கும் என்று ஸ்டீக்லிட்ஸ் ஒதுங்கிப் போனார். அச்சிட்ட பக்கம் கோடிக்கணக்கான கைகளுக்குப் போகிறதே, அங்கே நல்ல வடிவம் போய்ச் சேர்ந்தால் என்ன குறை என்பது ஒயிட்டின் நிலை. ஸ்டீக்லிட்ஸின் பிடிவாதத்துக்கு வரலாறு நிறையப் புகழைத் தந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் சரியாகப் பார்த்தவர் ஒயிட்தான்.

எல்லா மாணவர்களும் மகிழ்ந்துவிடவில்லை. ரால்ஃப் ஸ்டைனர் 1921 வாக்கில் அங்கே பயிலும்போது எடுத்த தட்டச்சு இயந்திர விசைகளின் நெருக்கப் படம் இன்றும் வடிவமைப்பு நூல்களில் இடம்பெறுகிறது. வட்ட வட்டமான விசைகள், எழுத்துகள், உலோக மினுக்கம் தவிர வேறொன்றும் அதில் இல்லை. அதே ஸ்டைனர் பிற்காலத்தில், அங்கே வடிவமைப்பு வடிவமைப்பு என்று ஓதினார்கள், வாழ்க்கையைப் பற்றிப் பேச்சே இல்லை என்று குறைப்பட்டார். 1923இல் அந்தப் பள்ளிக்கே உரையாற்ற வந்த புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட், ஓவியம்போல் தோன்றப் புகைப்படத்தைக் குழைத்து மங்கலாக்கும் பழக்கத்தை மாணவர்கள் முன்னிலையிலேயே கண்டித்தார். அந்த மங்கல் பாணியில் பெயர்பெற்றவர் ஒயிட். தன்னையே மறுத்துப் பேசுபவருக்குத் தன் வகுப்பறையைத் திறந்துவிட்ட ஆசிரியர்கள் எந்தக் காலத்திலும் குறைவு.

கார்ல் ஸ்ட்ரஸ் சென்றது வேறு திசையில். கொலம்பியாவில் ஒயிட்டிடம் நான்கு ஆண்டுகள் படித்து, மென்மையான காட்சி தரும் லென்ஸ் ஒன்றையும் உருவாக்கி விற்ற இவர், 1919இல் ஹாலிவுட்டுக்குப் போனார். முர்னாவ் இயக்கிய ‘சன்ரைஸ்’ படத்துக்காக, ஒளிப்பதிவுக்கு வழங்கப்பட்ட முதல் ஆஸ்கார் விருது சார்லஸ் ரோஷருக்கும் இவருக்கும் கிடைத்தது. அந்தப் படத்தின் சதுப்பு நிலக் காட்சிகளைப் பார்க்கும்போது டௌவின் இப்ஸ்விச் சதுப்பு நினைவுக்கு வராமல் போகாது.

1925 ஜூலையில் மாணவர்களை அழைத்துக்கொண்டு மெக்சிகோ நகருக்குப் போன ஒயிட் அங்கேயே மாரடைப்பால் இறந்தார். வயது 54. ஒயிட்டின் அச்சுகள் தொடர்பாகக் குடும்பத்துக்கும் வாட்கின்ஸுக்கும் வழக்கு நடந்தது. மனம் கசந்த வாட்கின்ஸ் 1928இல் கிளாஸ்கோவில் இருந்த அத்தை சித்திமாரைப் பார்க்கப் போனவர், திரும்பவே இல்லை. 1969இல் அவர் இறந்தபின், அண்டை வீட்டுக்காரரிடம் மூடி முத்திரையிட்டுக் கொடுத்திருந்த பெட்டியைத் திறந்தபோதுதான் அவர் ஒரு புகைப்படக் கலைஞர் என்பதே அந்த வீட்டாருக்குத் தெரியவந்தது.

பள்ளியை ஒயிட்டின் மனைவி ஜேனும் பிறகு மகனும் 1942 வரை நடத்தினார்கள். வடிவமைப்புக் கல்வி என்றதும் எல்லோரும் ஜெர்மனியின் பௌஹவுஸைச் சொல்கிறார்கள். அங்கே மொஹோலி-நாகி கேமராவைப் பற்றி அற்புதமாக எழுதினார், சோதனைகள் செய்தார். ஆனால் முறையான புகைப்பட வகுப்பு 1929இல் வால்டர் பீட்டர்ஹான்ஸ் வந்த பிறகுதான் தொடங்கியது. நியூயார்க் பள்ளிக்கு அப்போது வயது 15.

ஒயிட்டிடம் கொலம்பியாவில் 1921–22இல் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் பயின்ற இன்னொரு மாணவி, உயிரியல் படிக்க வந்த மார்கரெட் போர்க்-ஒயிட். ஆசிரியருக்கு உறவினர் அல்ல. தாய் வாங்கித் தந்தது 20 டாலர் விலையுள்ள பழைய கேமரா, அதன் லென்ஸில் விரிசல். பின்னர் கிளீவ்லாந்து எஃகு ஆலைகளைப் படமெடுத்து, 1936 நவம்பரில் வெளிவந்த லைஃப் இதழின் முதல் அட்டைப்படத்தையும் எடுத்தார். அது ஃபோர்ட் பெக் அணைக்கட்டின் படம். கோபுரம் கோபுரமாக அடுக்கிய கான்கிரீட், அடியில் எறும்புபோல இரண்டு மனிதர்கள்.

1946இல் அவர் புனேயில் காந்தியைப் படமெடுக்கப் போனார். முதலில் நூல் நூற்கக் கற்றுக்கொண்டு வரும்படி காந்தியின் செயலாளர் சொன்னார், கற்றார். அன்று காந்திக்கு மௌன விரதம். பேசக் கூடாது, மூன்று ஃபிளாஷ் பல்புகளுக்குமேல் கூடாது என்று நிபந்தனை. முதல் இரண்டு முயற்சிகள் வீணாயின, மூன்றாவதில் படம் கிடைத்தது. அந்தப் படத்தில் முன்னால் பெரிதாக இருப்பது இராட்டை. அதற்குப் பின்னால் தரையில் அமர்ந்து, குனிந்து, பத்திரிகைத் துணுக்குகளைப் படித்துக்கொண்டிருக்கிறார் காந்தி. ஜன்னல் வெளிச்சம், இருண்ட சக்கரம், வெள்ளைத் துணி. உருவப்படம் என்ற வகையில் முன்னிடம் மனிதனுக்குத்தான் என்ற வழக்கத்தை மாற்றி, அந்த இடத்தை ஒரு மரக்கருவிக்குக் கொடுத்துவிட்டு, மனிதனை இன்னும் தெளிவாகக் காட்டியிருக்கிறார். அந்த ஆண்டு லைஃப் இதழ் அதைப் பெரிதாக வெளியிடவில்லை. 1948இல் காந்தி கொல்லப்பட்டபின் வந்த அஞ்சலிக் கட்டுரையில்தான் அது தலைப்புக்கு மேலே அரைப்பக்கத்தை நிறைத்தது.